இறங்குகிற கோடு

இலங்கை உலகத்தைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டது என்றும், அதை உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு தன் தலையில் வந்து விழுந்திருக்கிறது என்றும் துவாரகன் அறிவித்தான். நிலாவெளிப் பெற்றோல் செட்டிலிருந்து முக்கால் மைலுக்கு நீண்டுகிடந்த வரிசையின் நடுவில், 2022 ஆனி மாதத்து வெயிலில், இஸ்திரி போட்ட சேட்டோடு நின்று அறிவித்தான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. பகிடிக்குச் சொல்லியிருந்தால் இரண்டு அடி போட்டு அனுப்பியிருப்பார்கள். உண்மையாகச் சொன்னதால் அவனை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்ப நாங்க மூணு நாளா இதில நிண்டு காயிறது?" என்று கேட்டார் ஸஜ்ஜாத். இறக்கக்கண்டியில் துவாரகன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர், துவாரகனுக்கு 'நானா', அதாவது அண்ணன் முறை. ஓட்டோ ஓடுகிறவர். அதாவது, ஓடியவர்.

"நீங்கள் நிக்கேல்ல நானா. நீங்கள் குறைக்கிறீங்கள்."

"என்னத்த?"

"காபனீரொட்சைட்டை."

ஸஜ்ஜாத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "அதுவும் குறைஞ்சிட்டா சேர்?"

துவாரகன் திருகோணமலை நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்வதென்று ஏழு வருடமாக யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இந்த வருடம்தான் சொன்னார்கள். நாட்டின் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் நெடுங்காலமாக எந்தப் போக்கில் போகிறது என்று ஓர் அறிக்கை வேண்டும், கண்காட்சியில் தொங்கவிட ஒரு வரைபும் வேண்டும். வேறொருவனென்றால் இணையத்தில் கிடந்ததை இறக்கி, கீழே தன் பெயரைப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்திருப்பான். துவாரகன் நான்கு மாதம் இருந்து கீறினான். எழுபது வருடத்துக் கோடு அது. ஏறி ஏறி வந்து, இந்த வருடம் குப்புற விழப்போகிறது என்று அவன் கணித்திருந்தான். உலகநாடுகள் கூடிக் கூடிப் பேசியும் இறக்க ஏலாத கோட்டை ஒரு சின்னத் தீவு டொலர் இல்லாமலேயே இறக்கிவிட்டது.

ஆனால் விழுந்த கோட்டுக்கு ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான் ஒரு போம், அதாவது படிவம், அச்சடித்துக்கொண்டு வரிசைக்கு வந்திருந்தான். அதில் ஒரே கேள்வி: 'கடந்த ஆண்டோடு பார்க்கையில் எரிபொருள் பாவனையை நீங்கள் விருப்பத்துடன் குறைத்துள்ளீர்களா?' கீழே பெயர், வாகன இலக்கம், கையெழுத்து. கந்தோர் ஆள் ஒருவர் வாகன இலக்கம் எழுதுகிறார் என்றதும், போமில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் முதலில் பெற்றோல் என்ற கதை காற்றை விட வேகமாக ஓடியது. நூற்று முப்பத்தேழு பேர் 'விருப்பத்துடன்' என்று கையெழுத்து வைத்தார்கள். ஒருவர் மச்சானுக்கும் சேர்த்து வைத்தார். துவாரகன் அந்தக் கதையைத் திருத்தவில்லை. பதிலளித்தவர்கள் நூறு வீதம் என்று அறிக்கையில் எழுதுவதற்குத் திருத்தம் தடையாக இருக்கும் என்று நினைத்தான்.

அந்த நேரம் வரிசை ஒரு ஓட்டோ நீளம் முன்னே அசைந்தது. யாரும் எஞ்சினைப் போடவில்லை. போட்டால் உள்ளதும் போய்விடும். ஆட்கள் இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து தள்ளினார்கள். அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதியது யாரென்று தெரியாது, மீறியவனும் கிடையாது. வரிசை அசையும்போது வண்டியில் ஒரு கை இருக்கவேண்டும். கை இல்லாத வண்டியைப் பின்னால் நிற்பவர்கள் தெருவோரம் தள்ளிவிட்டு மேலே போவார்கள். கோபதாபம் இல்லை. அடுத்த முறை வரிசையின் வால்தான்.

ஸஜ்ஜாத் தள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். துவாரகன் தலையை ஆட்டினான்.

"ஒரு காலத்தில ஓட்டோ மனிசனைக் கொண்டுபோனது. இப்ப மனிசன் ஓட்டோவைக் கொண்டுபோறான். ஒரு மெசினுக்குப் பின்னால குனியிற சனம் முன்னேறாது நானா. செத்தாலும் நான் இப்பிடிக் குனியமாட்டன்."

"அத விடுங்க. உங்கட வீட்டுத் தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு எத்தினையாம் திகதி?"

"ஆடி நாலு."

"போன முறை ஒப்பரேஷன் என்ன?"

"ஓம். இந்த முறையும் அதுதான் எண்டு சொல்லிப்போட்டினம். வயித்துக் குத்துத் தொடங்கினா ஒரு நிமிசமும் வைச்சிருக்கக் கூடாதாம்."

"அப்ப கேளுங்க." ஸஜ்ஜாத் குரலைத் தாழ்த்தினார். "டேங்கில முக்கால் லீற்றர் இரிக்கி. அதத் தொடமாட்டன், அது தங்கச்சிக்கு. ஆனா டவுனுக்குக் கொண்டுபோகக் காணாது. நான் தனிய. ஒண்டுக்குப் போகவும் ஏலா. உங்களுக்கும் கந்தோர் பூட்டித்தானே கிடக்கு. பகல்ல நீங்க வந்து கைய வைங்க, இரவைக்கு நான். பெற்றோல் பவுசர் வரக்குள்ள ஒராளாவது நிக்கணும்."

துவாரகன் போம்களைத் தட்டி அடுக்கினான்.

"நானா, யோசிச்சுப் பாருங்கோ. இந்தக் கோட்டைக் கீறினவனே வந்து பெற்றோல் வரிசையில நிண்டா, கோட்டுக்கு என்ன மரியாதை?"

ஸஜ்ஜாத் திரும்பி ஓட்டோவில் கையை வைத்தார். "சரி சேர், கோடு நல்லா இரிக்கட்டும்" என்றார்.

வரைபு, வீட்டு முன்னறைச் சுவரை முழுதாகப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆறு தாளை ஒட்டிக் கீறியது. 1950இல் தரையோடு படுத்துக்கிடந்த கோடு, கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கி, பிறகு கார் வாங்கி, ஏசி பூட்டி, நிலக்கரி எரித்து, அலுமாரி உயரத்துக்கு ஏறியிருந்தது. 2022க்கான புள்ளி மட்டும் இன்னும் பென்சிலில் இருந்தது.

அவன் மனைவி ஜெயரூபி குசினியில் விறகு ஊதிக்கொண்டிருந்தாள். காஸ் முடிந்து ஏழு கிழமை. நிறைமாத வயிற்றோடு குந்த ஏலாமல் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊதினாள்.

"விறகுப் புகைக்குப் பயப்பிடாதை" என்றான் துவாரகன். "மரம் வளரேக்க எடுத்ததைத்தான் எரியேக்க விடுது. அதால உலகக் கணக்கு முறையில விறகின்ர காபனை நாட்டின்ர மொத்தத்தோட கூட்டிறேல்ல."

அவள் கண்ணைச் சட்டைக் கையால் துடைத்தாள். "கணக்கில வராத புகை ஏனப்பா கண்ணில வருது?"

அவன் வரைபுக்குத் திரும்பிப் போனான். அவளும் பின்னால் வந்து நின்றாள். நான்கு மாதமாக அந்தச் சுவரைக் கடந்து போய் வந்தவள், அன்றுதான் கிட்ட வந்து பார்த்தாள்.

"இதில ஒருக்கா இறங்கிக் கிடக்கே. இது எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்து இருபது. ஊரடங்கு. வாகனமெல்லாம் நிண்டுபோச்சு. நல்ல இறக்கம்."

"ஓம். வாகனம் நிண்டுபோச்சு." அவள் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். "இதிலதான் எங்கட பிள்ளை போனது."

துவாரகன் அந்தப் பள்ளத்தை எத்தனையோ தடவை அழித்துக் கீறியிருந்தான். அதன் சரிவைப் பாகைமானி வைத்து அளந்திருந்தான். ஊரடங்கில் வாகனம் தேடி அலைந்த இரண்டு மணித்தியாலமும் அதற்குள் கிடந்தது அவனுக்குப் படவில்லை.

"ஸஜ்ஜாத் நானாவோட போய் நில்லுங்கோவன்" என்றாள். "கெஞ்சிக் கேக்கிறன்."

"அம்புலன்ஸ் நம்பர் எழுதி வைச்சிருக்கிறன்தானே?" வரைபின் அடியில் கறுப்பு மையில், நேர்த்தியாக, எழுதித்தான் வைத்திருந்தான். அவள் அதையும் பார்த்தாள். திரும்பவும் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தாள். அந்த விரலைப் பார்க்க ஏலாமல், "சரி, திங்கட்கிழமை போறன்" என்றான்.

குத்து வியாழக்கிழமை காலமை பத்து மணிக்குத் தொடங்கியது. பதினெட்டு நாள் முந்தி.

முதலில் அவள் அதை வாயு என்றாள். இரண்டாவது தடவை கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தாள். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, சட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

துவாரகன் சுவரில் இருந்த இலக்கத்துக்கு அடித்தான். அம்புலன்ஸ் ஒரு நோயாளியோடு புல்மோட்டைப் பக்கம் போயிருந்தது. மறுமுனையில் இருந்த பெண் பிள்ளை மிக மரியாதையாக, ஒன்றரை மணித்தியாலம் செல்லும் என்றாள். இன்னொரு முறை அடித்தான். அதே பிள்ளை, அதே மரியாதை.

"தம்பி, வெள்ளை கொஞ்சம் சிவப்பாப் படுது" என்றாள் கமலேஸ்வரி அக்கா வாசலில் நின்று. குரலை மெதுவாக்கியிருந்தாள். அதுதான் அவனைப் பயப்படுத்தியது. "ஓட்டோ கொண்டா. இல்லாட்டி மாட்டு வண்டில் கொண்டா. எதையாவது கொண்டா, நிக்காதை!"

ஒழுங்கையில் இருந்த வாகனமெல்லாம் ஒன்றில் வரிசையில் நின்றன, இல்லையென்றால் சாக்கு மூடிக் கிடந்தன. சைக்கிளை எடுத்தான். நிலாவெளிக்கு நான்கு கிலோமீற்றர். போகிற வழி முழுவதும், நானா முன்னுக்கு வந்திருப்பார், இந்நேரம் பெற்றோல் அடித்திருப்பார் என்று சொல்லிக்கொண்டே மிதித்தான். அவன் கும்பிடாத தெய்வம் அன்று அந்தத் தெருவில் இல்லை.

வரிசை பாதியாகக் குறைந்திருந்தது. பவுசர் வந்துவிட்டது! துவாரகனுக்குச் சத்தமாக அழவேண்டும் போல இருந்தது. பிறகு ஸஜ்ஜாத்தைக் கண்டான். தெருவோரத்தில், நாயுண்ணிச் செடிப் பற்றைக்குள் முன் சில்லுப் புதைந்து கிடந்த ஓட்டோவுக்குப் பக்கத்தில், ஈரத் தலையோடு நிலத்தில் குந்தியிருந்தார்.

"அஞ்சு நாள் சேர்" என்றார். "என்ட நாத்தம் எனக்கே ஏலாமப் போச்சி. குளிக்கப் போன நான். அரை மணித்தியாலம் ஆகல்ல. பவுசர் வந்திட்டாம். என்ட முறைக்கு ஒம்பது ஓட்டோதான் இருந்திச்சாம். கை இல்லையெண்டு தள்ளிட்டானுகள். இப்ப செட்டிலயும் பெற்றோல் முடிஞ்சி போச்சி."

"நானா, ஜெயரூபிக்குக் குத்து."

ஸஜ்ஜாத் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழும்பினார். "தூக்குங்க" என்றார்.

ஓட்டோவைப் பற்றைக்குள்ளிருந்து இழுத்து எடுத்ததும் துவாரகன் ஒரு வெற்றுச் சோடாப் போத்தலைப் பொறுக்கிக்கொண்டு வரிசையை நோக்கி ஓடினான். "அரை லீற்றர் தாங்கோ அண்ணை, மனிசிக்குப் பிள்ளைப்பேறு. கால் லீற்றர் எண்டாலும் தாங்கோ." வரிசையில் பெற்றோலைத் தேடுவது பட்டினிக்காரனிடம் சோறு கேட்பது போலத்தான். கிடைத்தவர்கள் போய்விட்டார்கள். கிடைக்காதவர்கள்தான் நின்றார்கள். ஆனாலும் அவனைக் கண்டதும் பலருடைய முகம் மலர்ந்தது.

"ஆ, போம் சேர் வந்திட்டார்! சேர், எங்கட லிஸ்ட் எப்பயாம் வரும்?"

"நான் நூத்திரண்டாவது கையெழுத்து. அதிலயும் ஒழுங்குமுறை பாப்பினமோ?"

"அது... அது பெற்றோலுக்கு இல்ல அண்ணை."

"பின்ன என்னத்துக்கு?"

"நீங்கள் விருப்பத்தோட குறைச்சனீங்கள் எண்டு..." அவன் போத்தலை மட்டும் நீட்டினான்.

மோட்டார்சைக்கிளோடு நின்ற ஒரு கிழவர் அவன் கையிலிருந்த போத்தலை வாங்கினார். தன் வண்டியின் குழாயைக் கழற்றிப் போத்தல் வாயில் பிடித்தார். நாலைந்து துளி விழுந்தது. பிறகு ஒன்றும் விழவில்லை. வண்டியைச் சரித்துப் பார்த்தார். குலுக்கினார். "அவ்வளவுதான் மகன்" என்று போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். அடி கூட நனையவில்லை. துவாரகன் அதை மூடி, கவனமாகப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஓட்டோவில் ஏறினான்.

இறக்கக்கண்டிக்குத் திரும்பிப் போய், பதினொன்றுக்கு ஜெயரூபியை ஏற்றினார்கள். கமலேஸ்வரி அக்கா அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். துவாரகன் ஸஜ்ஜாத்தின் பக்கத்தில் அரைக் குண்டியில் தொங்கினான். ஸஜ்ஜாத் அதிரவும் விடாமல், வேகம் பிடிக்கவும் விடாமல், ஒரு துளியில் எத்தனை அடி போகலாம் என்று எண்ணுகிறவர் போல ஓட்டினார். நிலாவெளி போயிற்று. சாம்பல்தீவுப் பாலம் போயிற்று. தெருவில் வேறு வாகனமே இல்லை. காற்று அவ்வளவு சுத்தமாக இருந்தது. துவாரகன் அதைக் கவனித்தான். கவனித்ததற்காகத் தன்னையே வெறுத்தான்.

"இஞ்சாருங்கோ" என்றாள் ஜெயரூபி பின்னாலிருந்து.

"என்ன? சொல்லு."

"அசையேல்ல."

"ஆர்?"

அவளுடைய கை வயிற்றின் மேல் இருந்தது. கமலேஸ்வரி அக்கா, "அதெல்லாம் குத்து நேரத்தில அப்பிடித்தான் பிள்ளை, கதைக்காமக் கிட" என்றாள். அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அது குரலில் தெரிந்தது.

அலஸ்தோட்டம் தாண்டியதும் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. ஸஜ்ஜாத் ஓட்டோவை இடமும் வலமுமாக ஆட்டி ஓட்டி, டேங்கின் மூலையில் ஒதுங்கியிருந்ததையும் குடிக்க வைத்தார். இன்னொரு இருநூறு மீற்றர் போயிற்று. பிறகு நின்றுவிட்டது. துவாரகன் போத்தலைத் திறந்து டேங்குக்குள் கவிழ்த்துப் பிடித்தான். பிடித்துக்கொண்டே நின்றான்.

"போதும் சேர்" என்றார் ஸஜ்ஜாத். "மூணு கிலோமீற்றர்தான். நான் ஹேண்டிலப் பிடிச்சித் தள்ளுறன். நீங்க பின்னால போங்க."

துவாரகன் பின்னால் போனான். குனிந்தான். தோளைக் கொடுத்தான்.

முதல் நூறு மீற்றரில் சப்பாத்து வழுக்கியது. கழற்றி எறிந்தான். தார் உள்ளங்காலைப் பொசுக்கியது. ஓட்டோவின் பின்பக்கத் தகரம் கன்னத்தில் சுட்டது. அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில், ஜெயரூபி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது அவனுக்குக் கேட்டது. முனகல் கேட்டால் பயமாக இருந்தது. கேட்காவிட்டால் இன்னும் பயமாக இருந்தது.

உப்புவெளியில் இன்னொரு பெற்றோல் வரிசை தெருவை அரைவாசி மறித்துக்கொண்டு கிடந்தது. அதைத் தாண்டித்தான் போகவேண்டும். இவர்கள் வரிசையின் வாலைக் கடந்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டு முன்னேறியதும் ஒரு கூக்குரல் எழும்பியது.

"டேய்! இடையில பூர்றாங்கள், பிடி!"

"நாங்கள் என்ன பேயன்களோ? நாலு நாளா நிக்கிறம்! வாலுக்குப் போடா!"

பத்துப் பதினைந்து பேர் முன்னால் வந்து மறித்தார்கள். ஒருவன் ஹேண்டிலைப் பிடித்துவிட்டான். துவாரகன் ஏதோ சொல்லப் பார்த்தான். மூச்சுத்தான் வந்தது. அந்த நேரம் கமலேஸ்வரி அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"பெத்த வயிறு ஒண்டும் உங்கட வீட்டில இல்லையோடா? இஞ்ச ஒருத்தி சாகக் கிடக்கிறாள், உங்களுக்குப் பெற்றோல்! எடடா கையை!"

பிடித்தவன் உள்ளே பார்த்தான். கையை எடுத்தான். மற்றவர்களும் விலகி வழி விட்டார்கள். பிறகு நான்கு பேர் பின்னால் வந்து, துவாரகனுக்கு இரண்டு பக்கமும் குனிந்து கையை வைத்தார்கள். ஓட்டோ பறந்தது. வரிசையின் முனைவரை தள்ளினார்கள். அதற்கு மேல் போனால் தங்கள் வண்டியில் கை இல்லாமல் போய்விடும். நான்கு பேரும் ஒன்றாக நின்றார்கள், ஒன்றாகத் திரும்பி ஓடினார்கள்.

அதற்குப் பிறகு இருந்த தூரம் துவாரகனுக்கு ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ட்ரொலி வந்தது. ஆட்கள் வந்தார்கள். ஜெயரூபியை எடுத்தபோது அவளுடைய கண் திறந்திருந்தது, ஆனால் அவனைப் பார்க்கவில்லை. ட்ரொலி உள்ளே போயிற்று. கமலேஸ்வரி அக்காவும் பையோடு கூடவே ஓடினாள். பத்து நிமிடத்தில் ஒரு நேர்ஸ் மிஸ் தாளோடு வந்தாள்.

"நீங்களோ கணவர்? இதில சைன் வையுங்கோ. ஒப்பரேஷன் தியேட்டருக்கு எடுக்கிறம்."

அவன் வாசிக்காமல் வைத்தான். விருப்பத்துடனா என்று அந்தத் தாளும் கேட்டிருக்கலாம். "பிள்ளை?"

"துடிப்புக் கிடக்கு." அவள் ஒரு கணம் நின்றாள். "கொஞ்சமாக் கிடக்கு. இப்ப ஒண்டும் சொல்லேலாது." போய்விட்டாள். கதவு ஆடி ஆடி நின்றது.

துவாரகன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸஜ்ஜாத் வாசல் சீமெந்தில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது, கண் மூடியிருந்தது, உதடு மட்டும் எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

"அண்ணை, ஆற்ற ஓட்டோ இது?" செக்குரிட்டிக்காரர் கேட்டார். "வாசலை மறிச்சு நிக்குது. அடுத்த ஆள் வரவேணும். ஸ்டாட் பண்ணி எடுங்கோ."

ஸஜ்ஜாத் எழும்பப் பார்த்தார். ஒரு முழங்கை வழுக்கியது.

துவாரகன் வெறுங்காலோடு போய், ஓட்டோவின் பின்னால் குனிந்து, தோளைக் கொடுத்து, மெதுவாக முன்னே தள்ளினான்.